பின்வாசலை நோக்கி ஒரு பச்சை அம்பு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் வார்ப்படத் தொழிற்சாலையில், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று படம் ஒட்ட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் எம்.எஸ். வேர்டில் கட்டம் போடத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால் அந்த வேலை என்னிடம் வந்தது. உலைக்குச் சிவப்புக் கட்டம், இயந்திரங்களுக்குச் சாம்பல் கட்டம், பின்வாசலை நோக்கிப் பச்சை அம்பு. அம்புக்கு நிழல் கொடுப்பதிலேயே காலைப்பொழுது போயிற்று. தீக்குப் பயந்து ஓடுகிறவர்கள் நின்று ரசிப்பார்கள் என்று நினைத்தேன் போலும்.

எளாவூரிலிருந்து ஷிப்டுக்கு வரும் பெண்மணி ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“அம்பு ஷோக்கா கீது சார். ஆனா அந்தக் கதவாண்ட ஸ்கிராப்பு கொட்டி வெச்சிகிறாங்களே, எப்டி ஓடறது?”

அம்பைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

“இன்னா சார், உலையாண்ட போவச் சொல்றியா? நாங்க இன்னா தந்தூரிக் கோழியா?”

வளைந்த அம்பு, மடங்கிய அம்பு என்று மெனுவில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். இரும்புக் குவியலை ஏறித் தாண்டும் அம்பு மட்டும் இல்லை.

கடைசியில் அம்பைப் பழைய திசைக்கே திருப்பிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்தேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மாலைக்குள் பின்வாசலைக் காலிசெய்ய வைத்தேன். அந்தப் பெண்மணி கதவைத் திறந்து வெளியே போய், திரும்பி வந்தார்.

“இப்ப ஒட்டு சார்.”