கிட்ட வந்தாச்சு

தெலியா மலை வழிகாட்டி. பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ் ஊர்ப் பக்கத்துச் சின்ன மலையில் மணிலாக்காரர்களைக் காலையில் ஏற்றி, மதியத்துக்குள் இறக்கிவிடுவாள். "இன்னும் எவ்வளவு தூரம்க்கா?" என்று மூச்சு வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்: "கிட்ட வந்தாச்சு." உச்சிக்கு இன்னும் ரெண்டு மேடு பாக்கி இருந்தாலும் கிட்டத்தான். உள்ளதைச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்றைக்கு மகள் ஜெனலினுக்குப் பள்ளியில் பரிசளிப்பு, சாப்பாட்டு வேளைக்கு அப்புறம். பிள்ளையோடு மேடையேறிப் பதக்கத்தை மாட்டிவிட வேண்டியது பெற்றவர்கள். அப்பன் கப்பல் வேலையில். போன வருஷம் மலையில் தெலியா சிக்கிக்கொள்ள, டீச்சர்தான் மாட்டிவிட்டாள். ஜெனலின் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு விடியுமுன் மலையேற வருவதாகச் சொல்லியிருந்த மணிலா ஆபீஸ் ஆட்களுக்கு தெலியா போன் போட்டாள். "கிட்ட வந்துட்டோம்க்கா!" என்றார்கள். பின்னால் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். வெயில் சுள்ளென்று ஏறியபிறகுதான் வந்து இறங்கினார்கள்.

ஒரு வழியாக உச்சி வந்தது. கீழே கடல், பச்சைப் பச்சையாய்த் தீவுகள். எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆனால் படம் எடுக்கவில்லை. ஆபீஸ் பேர் போட்ட பேனர், மேனேஜர் ஒர்லானின் பையில் இருந்தது. ஒர்லானோ கீழே எங்கோ ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"பேனர் இல்லாமலே எடுங்களேன்," என்றாள் தெலியா.

"அய்யோ அக்கா, அப்புறம் நாம மலை ஏறினதை யாரு நம்புவா?"

தெலியாவே இறங்கிப் போனாள். "பேனரை மட்டும் குடுங்க சார், நான் கொண்டு போறேன்."

"நான் இல்லாம குரூப் போட்டோவா? நல்லாருக்கே! இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்ட வந்தாச்சு சார்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வந்து சேர்ந்ததும் அடக்கமாக ஒரு படம், கோணல் மூஞ்சியோடு ஒன்று, குதித்துக்கொண்டே ஒன்று. ஒருத்தி கண்ணை மூடிவிட்டாள் என்று மறுபடியும் முதலிலிருந்து. பிறகு வாழையிலையை விரித்துச் சோறும் பொரித்த மீனும். எழுந்ததும், "கடைசியா ஒண்ணே ஒண்ணுக்கா!"

தெலியாவின் போன் அடித்தது.

"அம்மா, எங்க இருக்க?"

"கிட்ட வந்துட்டேன்டி கண்ணு."

"நிஜக் கிட்டவா, மலை ஏற வர்றவங்ககிட்ட சொல்ற கிட்டவா?"

தெலியா போனைப் பைக்குள் போட்டாள். கூட்டத்தின் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளதைச் சொன்னாள்: "இறங்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். வழியில குடிக்கத் தண்ணி கிடையாது. நான் கிளம்பிட்டேன். வர்றவங்க வாங்க." பேனர் அந்த நிமிஷமே சுருண்டது. ஒர்லான் உட்பட அத்தனை பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

சேறு அப்பிய ஷூவோடு அவள் பள்ளிக்குள் ஓடினாள். மேடையில் நாற்காலிகள் காலி. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வேர்த்து வழிய வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் தலைமையாசிரியை: "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சிறப்பு விருந்தினர் கிட்ட வந்துட்டாராம்!"

ஜெனலின் திரும்பி அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "எவ்வளவு கிட்டம்மா?"

தெலியா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். "இன்னும் ரெண்டு மேடு இருக்கும்டி. தண்ணி வெச்சிருக்கியா?"