கீழ்ப்பக்கப் படம்

முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு படங்களை ஒட்டி, சுற்றிப் பார்க்கும் உருண்டைக் காட்சியாக்குவது என் தொழில். தலைமன்னார் மணல்திட்டில் எடுத்தபோது, காற்றில் கமரா ஸ்டாண்ட் சாயாமல் குனிந்து பிடித்தவர் வள்ளக்காரர் சூசை அண்ணை. கீழ்ப்பக்கப் படத்தில் விழுந்த அவர் பாதங்களை, ஒட்டும்போது கணினியில் மணலால் மறைத்தேன். கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த மாதம் கடலுக்குத் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் மனைவி வந்தார். “அண்டைக்கு இவரும் நிண்டவரெல்லே தம்பி? காட்டுங்கோ.”

படத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார். அழிக்காத கீழ்ப்பக்கத்தை எடுத்து மறுபடி ஒட்டினேன்.

“ஓம், இவரின்ர கால்தான்.”

மற்றப் பக்கமும் திருப்பலாம் என்றேன். அவர் திருப்பவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் கடல். கீழே மட்டும்தான் அது இல்லை.