சக்கரத்துக்கு முன்னால் இருந்த செங்கல்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக வரும், மறதியும் உண்டு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷம் இருக்கும். ஆடி மாதமோ ஆவணியோ, ஒரு காலை நேரம். செங்கல்பட்டில் எங்கள் தெரு சரிவாக இறங்கிப் பெரிய ரோட்டில் முடியும். அந்த முனையில் ஒரு பெண், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே டீ விற்பாள். சின்ன வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போனவள். முதலில் எங்கள் தெரு, பிறகு ஸ்டேஷன் பக்கம். தினமும் அவளிடம் டீ குடிப்பேன். ஆனால் எனக்கு யாரோடும் சட்டென்று பேச வராது.

அன்றைக்கு ஓர் ஆட்டோக்காரருக்கு வண்டியில் இருந்த கேனிலிருந்து டீ பிடித்துக்கொண்டே, "சீக்கிரம் குடி அண்ணாத்த, ரயிலு வர்ற நேரம், நான் கெளம்பணும்" என்றாள். குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்தை ஒரு செங்கல் மறித்துக்கொண்டிருந்தது. பாவம், இதை எப்படித் தாண்டுவாள் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் கல்லை உருவி ஓரமாக வைத்தேன்.

வண்டி நகர்ந்தது.

"ஐயோ, கல்லு! கல்ல யாரு எட்த்தது?" என்று கத்தினாள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன். பிரேக்கைத் தேட அவளுக்கு நேரமில்லை. கிளாஸை எறிந்துவிட்டு இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெறும் கையால் பிடித்தாள். கேன் சாய்ந்து கொதிக்கிற டீ அவள் மடியை ஒட்டிக் கொட்டியது. ஆட்டோக்காரர் ஓடிப்போய்ப் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். வண்டி நின்ற இடத்துக்கும் பஸ் போன இடத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான். அந்தக் காற்றில் அவள் முந்தானை பறந்தது.

என் கையில் இருந்த செங்கல் தூளே என்னைக் காட்டிக்கொடுத்தது.

தோல் உரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "இன்னா ஆயா, உன் காலக் கழட்டி யாராச்சும் ஓரமா வெச்சா சும்மா இருப்பியா?" என்றாள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நான் அழுதேன்.

டீ பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அதனால்தான் அந்தக் கல். புறப்படும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டு, கொக்கிக் கம்பியால் அவளே கல்லை இழுத்து வண்டியில் போட்டுக்கொள்வாளாம். "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"

நாலு நாள் அவள் வரவில்லை. பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

இன்றும் யாருக்காவது உதவக் கை நீட்டினால் அந்த ஹாரன் காதில் கேட்கிறது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு முதலில் கேட்கிறேன். அது அரசு பஸ்ஸா கம்பெனி பஸ்ஸா, எந்த மாதம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. இதை வெளியிடுகிறவர்கள் அவளையே கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். நான் நினைத்துக்கொண்டதைவிட அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.