பதில் சொல்ல ஆளில்லாத பிரார்த்தனை

நான் ஆர்.சி. அவர் புராட்டஸ்டண்ட். கல்யாணம் பேசும்போது என் அண்ணன், "எல்லாம் ஒரே சாமிதானே" என்று முடித்துவிட்டான். அவனுக்கென்ன, ஊரிலேயே இருந்துகொண்டான். கப்பலேறி சிங்கப்பூர் வந்து குடித்தனம் நடத்தியவள் நான்தான்.

தாலி அவருடைய சபையில் கட்டியதால் என் கோயிலில் எனக்கு நற்கருணை கிடையாது. ஐம்பதுகளில் சட்டம் அப்படி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த அப்பத்தை வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள். நான் மட்டும் கடைசி பெஞ்சில் முட்டிபோட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவமானமாக இருக்கும். அதற்காகப் போகாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் பிறந்த வீட்டில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் பிரார்த்தனை. ஒருவர் புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட, மற்றவர்கள் எல்லாரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு வாயாவது வேண்டும். சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அதில் நான் மாதா படத்தின் முன்னால் முட்டிபோட்டு "சூசையப்பரே" என்று கூப்பிடுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வேதாகமம் படிக்கிற மனிதர் வாயே திறக்கமாட்டார். நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

"எதுக்கு இத்தனை பேர வழியில நிறுத்தி வெச்சுக் கெஞ்சுற? கதவு தொறந்துதான் இருக்கு. நேரா ஆண்டவர்கிட்டயே பேசு" என்பார்.

"நீங்க ஆபீஸ்ல லீவு வேணும்னா நேரா தொரைகிட்டயா போறீங்க? பெரிய கிராணிகிட்டதான போய் நிக்கிறீங்க?"

அவர் துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. முகம் சுருங்கிப் போகும். "தொரை வேற, ஆண்டவர் வேற."

"சரி, உங்க பாஸ்டர்கிட்ட மட்டும் 'எனக்காக ஜெபம் பண்ணுங்க'ன்னு கேக்குறீங்களே, அது என்னவாம்?"

"அவரு உயிரோட இருக்குறவரு. உயிரோட இருக்குறவங்ககிட்ட யாரும் கேக்கலாம். செத்தவங்க காதுல என்னத்த விழும்?"

நேராகப் போ என்று சொல்வது அவருக்குச் சுலபம். அவருடைய சபையில் அவருக்கு முன்வரிசையிலேயே இடம் இருந்தது. கடைசி பெஞ்சில் கிடப்பவளுக்கு உள்ளே யாராவது தெரிந்தவர் இருந்தால் தேவலை என்றுதானே தோன்றும்?

என் பிரார்த்தனைக்குப் பதில் வந்தது, யாரும் நினைக்காத இடத்திலிருந்து. எங்கள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஓர் அக்கா இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர். தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமாகிவிட்டது போலிருக்கிறது. ஒருநாள் நான் "சூசையப்பரே" என்றதும், காய் நறுக்கும் சத்தத்தோடு பலகைக்கு அப்பாலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்காதான் என் சபை. ஒருநாள் அவசரமாக முடித்துவிட்டேன். உடனே பலகையைத் தட்டினார். "ஒருத்தர விட்டுட்ட லா! பன்னிகூட நிப்பாரே, அவரு!" வனத்து அந்தோனியாரைச் சொல்கிறார். நான் காட்டிய படத்தில் அவர் காலடியில் ஒரு பன்றி நிற்கும். மறுபடி முட்டிபோட்டு அவரையும் கூப்பிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர், தனிக் கக்கூஸ், வெளுப்பாக நல்ல சிமெண்ட் சுவர். அவருக்கு ஒரே சந்தோஷம். முதல் நாள் சாயங்காலம் நான் முட்டிபோட்டு "சூசையப்பரே" என்று கூப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கொஞ்சம் காத்திருந்தேன். அந்தச் சுவரைத் தாண்டி என்ன கேட்கும்? பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் நல்லவர்கள்தான், பார்த்தால் சிரிப்பார்கள். அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அவர் வேலைக்குப் போனபின் நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் இருந்தது உண்டு.

குடிவந்து அதிக காலம் ஆகவில்லை, அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லதாக ஏதாவது சொல்வார் என்று குனிந்தேன்.

"நான் போனப்புறம் எனக்காகப் பூசை வெக்காத. செபம் சொல்லாத, மெழுகுவத்தியும் ஏத்தாத. சத்தியம் பண்ணு."

"ஏங்க இப்படிப் பேசுறீங்க?"

"நான் செத்தவனா இருக்கமாட்டேன்மா. ஆண்டவர்கிட்ட உயிரோடதான் இருப்பேன். எனக்கு ஒரு கொறையும் இருக்காது."

சத்தியம் செய்தேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

செத்தவர்களுக்குச் செய்ய எங்கள் கோயிலில் எத்தனையோ உண்டு. அழுவதைவிட அதுதான் ஆறுதல். அந்த ஒன்றையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அவர்மேல் எனக்குக் கோபம். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கோயில் சனம் கல்லறை கல்லறையாக மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சபைக்காரர்கள் பக்கம் போய், அவர் தலைமாட்டில் வெறுங்கையோடு நின்றேன். அங்கே வேறு யாருமில்லை. புல்லைக் கொஞ்சம் பிடுங்கிப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். தனியாள் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சாயங்காலம் முட்டிபோட்டேன். சூசையப்பரில் தொடங்கி, பன்றியோடு நிற்பவர் வரை எல்லாரையும் கூப்பிட்டு நானே பதில் சொல்லி முடித்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. அவருடைய நாற்காலி ஜன்னலோரம் அப்படியே கிடந்தது. அவருக்காகச் செபம் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். உயிரோடு இருப்பவர்களிடம் யாரும் கேட்கலாம் என்பது அவர் சொன்ன சட்டம். உயிரோடுதான் இருப்பேன் என்றதும் அவரேதான்.

"வீட்டுக்காரரே" என்று கூப்பிட்டேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நானே பதிலும் சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் கடைசியாக அவர்தான். கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வரட்டும். காதில் விழுந்தால்தானே கோபம் வரும்.