கறுப்பர் நகரத்துச் சுவரில் ஒரு போஸ்டர்

ராயபுரத்துலயே பொறந்து வளந்தவன் நான். ஆனா அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் நம்ம ஜனங்க இருந்த கறுப்பர் நகரத்தைச் சுத்திக் கட்டின கோட்டைச் சுவர்ல மிச்சம் இருக்குறதை நின்னு பாத்ததே இல்ல. இன்னிக்கு லீவு. பிளாக்ல போட ஒரு போட்டோ எடுக்கலாம்னு கேமராவோட போனேன்.

நல்லா வெளிச்சம் விழுற இடமாப் பாத்து ஒருத்தர் பசை வாளியோட போஸ்டர் ஒட்டிக்கினு இருந்தார். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு.

"இன்னா சார் இது? இருநூறு வருசத்துச் சுவரு. ஒட்ட வேற இடமே கிடைக்கலியா?"

அவர் திரும்பக்கூட இல்ல.

"மத்த சுவரையெல்லாம் கட்சிக்காரங்க வெள்ளை அடிச்சி இடம் புடிச்சிட்டாங்க நைனா. இது ஒண்ணுதான் காலியா கீது. என் தம்பி தவறிட்டான். நாலு பேருக்குத் தெரிய வாணாமா?"

சொல்லிட்டு ஒதுங்கினார்.

கண்ணீர் அஞ்சலி. படத்துல ஜெயபால். ஸ்கூல் அட்டெண்டன்ஸ்ல எனக்கு அடுத்த பேரு.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல லோடு இறக்கும்போது இரும்புத் தகடு சரிஞ்சி மேல விழுந்துடுச்சாம்.

கேமராவைப் பையில போட்டேன். போஸ்டரோட கீழ் மூலை காத்துல பிரிஞ்சி அடிச்சிக்கினு இருந்துது. பசை காயுற வரைக்கும் நான்தான் அதைக் கையால அழுத்திப் புடிச்சிக்கினு நின்னேன்.

அதனால போட்டோ இல்ல.

நம்ம கிளாஸ் பசங்க யாராச்சும் இதைப் படிச்சா, பின்னூட்டத்துல 'உள்ளேன் ஐயா'ன்னு மட்டும் போட்டுட்டுப் போங்கடா. இன்னொருத்தன் சேதியையும் சுவர்ல படிக்க என்னால ஆவாது.