நெய்யாத புடவைக்கு வந்த விளம்பரம்

எங்கள் ஊரில் முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் பத்தடி தள்ளி நடக்கிறவர்கள்தான் அதிகம். நான் காலால் தள்ளிவிட்டுப் போகிறவள். ஒருமுறை நல்ல சாறுள்ளதாக ஒன்று கிடந்தது, எடுத்துக் கழுவி ஜூஸ் போட்டுக் குடித்தேன், அதுவும் ஆடி அமாவாசையன்று. வயிறுகூட வலிக்கவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம் பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இது ராத்திரி நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், சாப்பிட்ட கை காய்வதற்குள் நடந்தது.

நான் ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறேன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும், அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள், அந்த அட்டைகளை மாலை மாதிரி கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால் எந்த இழை எழும்ப வேண்டுமோ அது எழும்பும். வேலை அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு. புது டிசைன் என்றால் முதல் புடவை தறியை விட்டு இறங்கும் வரை ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் விசைத்தறிக்காரன் அதையே மலிவாக அடித்து நமக்கு முன்னால் கடையில் தொங்கவிட்டுவிடுவான். அதனால் டிசைன் போடும் கம்ப்யூட்டருக்கு நாங்கள் யாரும் நெட் கொடுப்பதே இல்லை. பென்டிரைவில்தான் எடுத்துப் போவோம். என் பென்டிரைவ் என் தாலிக்கொடியில் தொங்கும், சிரிக்காதீர்கள், அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருஷமும் முதலாளி சொன்னதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். பழைய மாங்காயைக் கொஞ்சம் சாய்த்துப் போடு, பழைய மயிலுக்கு வாலை நீட்டு, இப்படி. இந்த முறைதான் முதன்முதலாக நானே யோசித்து ஒன்று போட்டேன். அரக்கு உடம்பு, கடுகு நிறத்தில் முந்தானை, முந்தானை முழுக்க வரிசை வரிசையாக அன்னம். பாதி வரைந்ததைக் காட்டியபோது முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இத பாரும்மா விஜயா, இது வெளிய தெரியாம தறிய விட்டு எறங்கிச்சின்னா இனிமே உன் யோசனைதான் நம்ம கடைக்கு. நடுவுல எங்கனா கசிஞ்சிச்சி, அப்புறம் பழையபடி நான் சொல்றதத்தான் நீ வரையணும்" என்றார்.

எனக்கு அது போதும். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் என் வீட்டுக்காரரைக்கூட விடவில்லை.

இனி நெட் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சந்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நாலு வீடும் சேர்ந்து ஒரே கனெக்ஷன். பெட்டி என் வீட்டில், பாஸ்வேர்டு நாலு வீட்டுக் காலண்டரிலும். பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் நெசவு, காலையில் தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை போனில் பாட்டு ஓட வேண்டும். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா டீச்சர். கடைசி வீட்டில் மூர்த்தி அண்ணன், மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறார்.

கொஞ்ச நாளாக எங்கள் போன்களில் ஏதோ சரியில்லை. ஏழுமலை அண்ணன் கேட்கும் பாட்டுக்கு நடுவே குறட்டையை நிறுத்த மருந்து என்று விளம்பரம் வரும். அவர் குறட்டையே விடமாட்டார், குறட்டை விடுகிறவர் ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர். ஸ்டெல்லா அக்கா போனைத் திறந்தால் வழுக்கையில் முடி வளர எண்ணெய். அது யாருக்கு என்று ஏழுமலை அண்ணனின் தலையைப் பார்த்தாலே தெரியும். இதுவரைக்கும் சிரிப்புதான். அப்புறம் என் போனில் மறுமணத்துக்கு வரன் பார்க்கும் விளம்பரம் வர ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, காபி கொடுத்தால்கூட என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வாங்கினார். நான் கத்திய கத்தலில் சந்தே கூடிவிட்டது. அவரவர் போனை அவரவர் காட்ட, எல்லாருக்கும் அதே விளம்பரம். அப்போது மூர்த்தி அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பல நாள் அவர் பால் வாங்கக்கூட வெளியே வரவில்லை.

ஸ்டெல்லா அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார். நெட் கொடுக்கிறவரே நாம் எங்கெங்கே போய்ப் பார்க்கிறோம் என்று கவனித்து விளம்பரக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறாராம். நாலு வீட்டுக்கும் ஒரே கனெக்ஷன் என்பதால் நாங்கள் எல்லாரும் அவர்களுக்கு ஒரே ஆள். குறட்டை விட்டுக்கொண்டு, தலை வழுக்கையாகி, இரண்டாம் கல்யாணத்துக்கு அலைகிற ஒரு ஆள்.

சரி, இதுவரை நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. இனிமேல்தான் கேளுங்கள்.

அன்று டிசைனை முடித்து, பென்டிரைவில் ஏற்றி, தாலியோடு மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து போனை எடுத்தேன், சமையல் வீடியோ பார்க்கலாம் என்று. நடுவில் ஒரு விளம்பரம். அரக்குப் புடவை. கடுகு நிற முந்தானை. வரிசை வரிசையாக அன்னம். என் அன்னம். அலகுக்குக் கீழே நான் ஒரே ஒரு கட்டத்தை வெட்டி வைத்திருந்தேன், அது தாமரைத் தண்டைக் கவ்வியிருக்கிற மாதிரி தெரிவதற்காக. அந்த வெட்டு உட்பட அப்படியே இருந்தது. கீழே 'கையிருப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், என் வலது கை தானாகத் தாலியைத் தொட்டுப் பார்த்தது. பென்டிரைவ் அங்கேயே இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் ஒரு இழைகூட நெய்யவில்லை, அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். திருடியதுதான் திருடினான், ஒழுங்காகவாவது திருடினானா? நான் எல்லா அன்னத்தையும் முன்னால் பார்க்க வைத்திருந்தேன். அவன் படத்தில் நடுவே ஒரு வரிசை மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு ஓடிப்போய் என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். எல்லாம் முன்னால்தான் பார்த்தன. முதலாளி கண்ணில் இது பட்டால் என் கதை முடிந்தது.

நெட் கொடுக்கும் பாபுவின் கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம். நானும் ஸ்டெல்லா அக்காவும் ஏழுமலை அண்ணனும் கிளம்பினோம். சந்து முனை தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். மூர்த்தி அண்ணன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். எங்களோடு சேர்ந்து நடந்தார்.

கடையில் கூட்டம். பாபு எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார்.

"எல்லாரும் பண்றதுதான்கா. நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்ற பேரு மட்டும்தான் போவுது. அதுவும் நீங்க ஓகே குடுத்ததுனாலதான்" என்றார்.

"நாங்க எப்பப்பா குடுத்தோம்? கனெக்ஷன் குடுக்க வந்தன்னைக்கு நாலு வீட்டு போனையும் வாங்கி, டிக் டிக்னு நீதான அழுத்திகினு இருந்த?" என்றார் ஸ்டெல்லா அக்கா. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள். "எனக்கும் இவர்தாங்க அழுத்துனாரு" என்றார் ஒருவர். "எங்க வூட்லயும்" என்றது இன்னொரு குரல். பாபுவின் பல் உள்ளே போய்விட்டது.

அப்போது மூர்த்தி அண்ணன் முன்னால் வந்தார். அவர் கத்தவில்லை. "நான் இன்னா தேடிகினு இருக்கேன்னு எம்பொண்ணுக்கே இன்னும் சொல்லல பாபு. வாய் வராம தவிச்சிகினு இருந்தேன். நீ ஊருக்கே சொல்லிட்ட" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னேன், "இப்பவே இத எடுக்கலன்னா எங்க சந்து மட்டும் இல்ல, இங்க நிக்கிற அத்தனை பேரும் இன்னைக்கே வேற கனெக்ஷனுக்கு மாறிடுவோம்." அத்தனை பேரிடமும் நான் கேட்கவே இல்லை. ஆனால் அத்தனை தலையும் ஆடியது.

பாபு எங்கள் எதிரிலேயே மேலிடத்துக்குப் போன் போட்டார். கெஞ்சினார், சண்டை போட்டார், கடைசியில், "எங்க ஊருக்கு இது வேணாம் சார், எடுத்துடுங்க" என்றார். ஒவ்வொருவர் போனுக்கும் ஒரு செய்தி வந்தது, உங்களைக் கவனிக்கலாமா வேண்டாமா என்று. அதில் வேண்டாம் என்பதை அவரவர் விரலால் அவரவர் அழுத்தினோம். கடையில் கைதட்டல். யாரோ டீ சொன்னார்கள். மூர்த்தி அண்ணன் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார்.

நான் பாபுவைத் தனியாக இழுத்து என் படத்தைக் காட்டினேன். "இது எப்டி வந்துச்சி? அந்த கம்ப்யூட்டருக்கு நெட்டே கிடையாது."

அவர் படத்தை விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார். "இது நம்மளுது இல்லக்கா. நம்ம மூலமா வர்ற விளம்பரத்துல மூலைல ஒரு குறி இருக்கும். இதுல இல்ல. எந்தக் கடைன்னு பேரும் இல்ல, அழுத்துனா போறதுக்கு எடமும் இல்ல. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றார். பொய் சொல்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நான் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அட்டை போடக் கொடுத்தேன், வந்த அட்டையை அன்ன வரிசைக்கு ஒரு கட்டாக ஏழுமலை அண்ணன் வீட்டில் இறக்கினேன். அவரும் அவர் மனைவியும் கோத்தார்கள், அவர் நெய்தார். ஜரிகை வேலையில் நல்ல பக்கம் கீழே இருக்கும், நெய்கிறவர் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். புடவை இறங்கிய அன்று திருப்பி விரித்தோம்.

நடுவில் ஒரு வரிசை அன்னம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழுமலை அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோக்கும்போது ஒரு கட்டு மட்டும் பொரட்டி கோத்துட்டேன் போலம்மா. இத்தினி வருஷத்துல இப்டி ஆனதே இல்ல" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு அவரைத் திட்டத் தோன்றவே இல்லை. போனை எடுத்து அந்தப் படத்தைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே வரிசை. கோப்பதற்கு முன்னால், அட்டையில் ஓட்டை போடுவதற்கும் முன்னால் வந்த படம். ஸ்டெல்லா அக்கா பார்த்துவிட்டு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். முச்சந்தி எலுமிச்சம்பழத்தில் ஜூஸ் போட்டுக் குடித்த எனக்கே கால் ஜில்லிட்டது.

முதலாளியிடம் எடுத்துப் போனேன். வேறு வழியில்லை. விரித்தார், நடு வரிசையில் விரலை வைத்தார், நின்றுவிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

"எல்லாம் ஒழுங்கா போயிகினு இருக்கறப்ப இதுங்க மட்டும் யாரையோ திரும்பிப் பாக்குதே. பொண்ணு பொறந்த வூட்ட திரும்பிப் பாக்கற மாதிரி. இது யாரு யோசனை?"

"என் யோசனைதாங்க" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அந்தப் புடவை ஓடிய ஓட்டத்தை இப்போது ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று வந்தவாசியிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஏழுமலை அண்ணன் வேண்டுமென்றே அந்த ஒரு கட்டைப் புரட்டிக் கோத்தார். விசைத்தறிக்காரன் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் போய்விட்டது. கடை வாசலில் முதலாளியே போர்டு மாட்டினார், கையிருப்பு இல்லை என்று. நான் அதன் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். மூர்த்தி அண்ணன் மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார், அவளே இப்போது அவருக்கு வரன் பார்க்கிறாள். எங்கள் சந்தில் போன்கள் வாயை மூடிக்கொண்டன.

இதோடு முடிந்திருந்தால் நானும் இதை மறந்திருப்பேன். போன வாரம் சாலை தோண்டியதில் கேபிள் அறுந்து சந்து முழுக்க நெட் இல்லை. என் போனில் டேட்டாவும் தீர்ந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, மணி பார்க்கப் போனை எடுத்தேன். பச்சைப் புடவை ஒன்று திரையில் இருந்தது. கிளிப்பச்சை உடம்பு, மெல்லிசாக ஊதாக் கரை. முந்தானை மட்டும் உட்பக்கமாக மடித்திருந்தது, அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் பார்த்தார். அப்புறம் அது போய்விட்டது.

நேற்று முதலாளி போன் செய்தார். பச்சைப் புடவையைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. "அடுத்தது நீயே யோசிச்சுப் போடும்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான், கிளிப்பச்சையில இருக்கட்டும்" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இனி நான் வரைவது என்னுடையதா, எங்கேயோ ஏற்கனவே இருப்பதைப் பார்த்து வரைகிறேனா என்று ஒரு நிமிஷம் கை நின்றது உண்மை. ஆனால் அந்த முந்தானை மடித்துத்தானே இருந்தது? அதற்குள் என்ன என்று நான் சொன்னால்தான் உண்டு. அப்படி நினைத்துக்கொண்டுதான் முதல் கட்டத்தை நிரப்பினேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் பென்டிரைவைத் தொடும்போதெல்லாம் விரல் ஜில்லிடுகிறது. அந்தப் பச்சைப் புடவைக்குக் கீழேயும் அதே இரண்டு வார்த்தைதான் எழுதியிருந்தது: கையிருப்பு இல்லை.