சாவி ஓட்டையும் நங்கூரமும்

சுரைக்காயை மடியில் கிடத்தி, அதன் வலப்பக்கத்தில் ஊதா மருந்தால் சாய்வாக ஒரு கோடு இழுத்தார் ராயப்பராஜ். "இது குடல்வாலுக்கு." பிறகு நட்டநடுவில் நெட்டாக இன்னொன்று. "இது உள்ள என்ன கெடக்குதுன்னே தெரியாதப்ப." எதிரில் இருந்த ஆத்தூர்க்காரர் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். ராயப்பராஜுக்குத் திருப்தி. நோயாளி வயிற்றைப் பொத்தினால் விளக்கம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மனிதர் வந்தது காலில் ஏறிய கருவேல முள்ளை எடுக்க.

திண்டுக்கல்லில் ஆபரேஷன் செய்கிற தனியார் ஆஸ்பத்திரிகள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிற இந்த அறுபத்துமூன்றாம் வருஷத்தில், அவற்றுள் ஒன்றின் முன்னறையை ஆள்பவர் இவர். உத்தியோகம் புண்ணுக்குக் கட்டுப் போடுவது. 'கம்பவுண்டர்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். 'சின்ன டாக்டர்' என்று கூப்பிட்டால் எழுந்தே வருவார். அப்படிக் கூப்பிட்டவருக்கு டாக்டரைப் பார்க்கச் சீட்டும் முன்னால் கிடைக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இரண்டு விரல்கடை வெளியே தொங்கும். அது ஊசி போடுவதற்கு முன் கையில் கட்டுகிற குழாய்தான். அதன் மறுமுனை பைக்குள் இருப்பதால், இன்னதென்று நினைத்துக்கொள்வது பார்ப்பவர் பாடு.

ஆபரேஷன் நன்றாக முடிந்தால் "நாம பண்ணுனோம்" என்பார். சீழ் வைத்தால் "டாக்டர் பண்ணுனாரு". ஊரார் உடம்பில் எங்கே வெட்டுவது என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறவருக்குப் பிடரியில் பதினோரு வருஷமாக ஒரு கொழுப்புக் கட்டி, நெல்லிக்காய் அளவில். டாக்டர் அறைக்குள் வந்தால், அது அவர் கண்ணில் படாமல் இவர் சுவரில் முதுகு படும்படி நின்றுகொள்வார்.

கோடு போட்ட சுரைக்காய்களை ஆயா ஒச்சம்மாள் கூட்டு வைக்க வீட்டுக்கு எடுத்துப்போகிறாள். "எங்க வீட்டு வெஞ்சனத்துக்குத் தழும்புதான் ருசி" என்று அவர் காதுபடவே சொல்வாள்.

பம்பாயில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த டாக்டர், தொய்ந்துபோன மார்பை நிமிர்த்தித் தைக்கும் வித்தையையும் அங்கே கற்றிருந்தார். அப்படியொரு சமாசாரம் உண்டு என்று ராயப்பராஜுக்கு ஒருநாள் மருந்துச் சீட்டின் பின்புறம் மூன்று படம் போட்டுக் காட்டினார். முதலாவது, காம்பைச் சுற்றி ஒரு வட்டம்; கொஞ்சமாகத் தொய்ந்தவர்களுக்கு மட்டும். இரண்டாவது, வட்டத்துக்குக் கீழே அகன்றுகொண்டே போகும் இரண்டு கால்கள். அங்கிருந்து ஒரு அம்புக்குறி. அதன் முனையில் மூன்றாவது: வட்டம், அதிலிருந்து இறங்கும் ஒற்றைக் கோடு, அடியில் படுத்த வளைகோடு. டாக்டர் பேசியது ஐந்து நிமிஷம். அதில் பாதி இங்கிலீஷ்.

ராயப்பராஜ் படங்களைத் தன் நோட்டுப்புத்தகத்தில் அழகாகப் பெயர்த்து எழுதிக்கொண்டார். அம்புக்குறியைப் பேனா வழுக்கிய கீறல் என்று முடிவு செய்து, டாக்டரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக விட்டுவிட்டார். பெயர்களும் சூட்டினார். முதலாவது வட்டம். இரண்டாவதைப் பார்த்ததும் திண்டுக்கல்லில் பிறந்த எவருக்கும் தோன்றுவதே அவருக்கும் தோன்றியது: சாவி ஓட்டை. மூன்றாவது நங்கூரம். கிணற்றில் வாளி முங்குகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் பார்க்காத குஜிலியம்பாறைக்காரி ஒருத்தியிடமும் அவர் நங்கூரம் என்றே சொன்னார்.

ஆக வட்டம் சின்னது, சாவி ஓட்டை நடுத்தரம், நங்கூரம் பெரிது. ஜவுளிக்கடையில் மூன்று ரகம் எடுத்துப் போடுவதுபோலப் போட்டார். கேட்டவர்கள் அதுவரை இருவர். அதில் பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டு அம்மாள், திறப்பது எந்தச் சாவியால் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மூன்றாவதாக வந்தவள் பொன்னழகு. செம்பட்டிப் பக்கம், கோயில் திருவிழா நாடகங்களில் இருபது வருஷமாகக் கதாநாயகி. மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். வருகிற பங்குனியிலிருந்து அம்மா வேஷம் கட்டிக்கொள்ளும்படி நாடக ஏஜெண்டு சொல்லிவிட்டார். அம்மா வேஷத்துக்குப் பாட்டு ஒன்று, அழுகை ஒன்று, சம்பளம் பாதி. அவள் பயந்தது கத்திக்கு அல்ல. மேடை ரவிக்கையின் அடிப்பட்டையை மார்புக்குக் கீழே இறுக்கி முடிந்து, வியர்வையில் ஊறி, விடியும்வரை ஆட வேண்டும். அந்த முடிச்சு விழுகிற இடத்திலேயே தழும்பு ஓடினால், கதாநாயகியும் இல்லை, அம்மாவும் இல்லை.

ஒச்சம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கம்பவுண்டரண்ணே, அடியில குறுக்குக் கோடு வருமா, வராதா?"

"வட்டத்துல வராது. ஆனா ஒங்களுக்கு வட்டம் பத்தாது. சாவி ஓட்டை எடுத்துக்கங்க, அதுலயும் வராது. நங்கூரத்துலதான் வரும்."

"நீங்க எத்தனை பேருக்குப் பாத்திருக்கீக?"

கேள்வி ராயப்பராஜின் காதில் விழவில்லை. நோட்டுப்புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, இரண்டாவது படத்தின்மேல் விரலை வைத்தார். பொன்னழகு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒச்சம்மாளிடம் ஒரு முழம் கட்டுத்துணியும் கத்தரிக்கோலும் நாலு ஊக்கும் கேட்டாள். மேடை ரவிக்கைகளை வெட்டித் தைப்பது அவளேதான் என்பது ராயப்பராஜுக்குத் தெரியாது.

துணியில் அவருடைய ஊதா மருந்தாலேயே சாவி ஓட்டையை வரைந்தாள். கோட்டோடு வெட்டி, கால்களுக்கு இடையில் இருந்த துண்டை எடுத்தெறிந்தாள். இரண்டு கால்களையும் இழுத்துச் சேர்த்து ஊக்குக் குத்தினாள். நேராக ஒரு கோடு விழுந்தது. அடியில் துணி கொசகொசவென்று சுருங்கி நின்றது. சுருக்கத்தை நறுக்கிவிட்டுக் கீழ் விளிம்போடு சேர்த்துக் குத்தினாள். குறுக்கே ஒரு கோடு படுத்தது. துணி நடுவில் எழும்பிக் குவிந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள். நங்கூரம்.

"வெட்டயில ஒரு படம், தைச்சா இன்னொரு படம். ரெண்டும் ஒரே ரவிக்கைதான் அண்ணே. நீங்க ரெண்டு ரகம்னு வித்துக்கிட்டு இருக்கீக."

"துணி வேற, தோல் வேறம்மா" என்றார் ராயப்பராஜ், வைத்திய தோரணை குறையாமல்.

"அப்ப வெட்டுன எடத்தத் தொறந்தே போட்டுருவீகளா?"

ஒச்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் அறைக்குள் பொன்னழகு ஊக்குக் குத்திய துணியோடு போனாள். ராயப்பராஜும் சுவரோரமாகப் போய் நின்றார். டாக்டர் துணியை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பம்பாயில் தனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர்கூட இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை என்றார். இவளுக்கு ஆவது இந்த ஒரு வழிதான் என்று ஒளிக்காமல் சொன்னார். குறுக்குக் கோடு நிச்சயம் வரும், மார்பின் மடிப்புக்குள் ஒளியும். முதலில் சிவந்து தடிக்கும், வெளுக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். உணர்ச்சி குறையலாம். ஆறு மாதத்துக்கு அங்கே எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. பொன்னழகு விரல் விட்டு எண்ணினாள். ஆவணியிலிருந்து ஆறு, மாசி. பட்டையை இரண்டு விரல்கடை இறக்கித் தைத்தால் முடிச்சு கோட்டின்மேல் விழாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டும் வேறு வேறு என்று இவளிடம் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின் என்றுதான் தானும் சொல்ல வந்ததாகவும், அதற்குள் அந்த அம்மாள் கத்தரிக்கோலைக் கேட்டுவிட்டதாகவும் ராயப்பராஜ் பதில் சொன்னார்.

முன்னறைக்கு வந்ததும் சம்மதப் பத்திரத்தை எடுத்து வைத்து, நாடகக்காரிதானே என்று கைநாட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை நகர்த்திய வழியே திருப்பி அனுப்பினாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டாள். 'என்ன ஆபரேஷன்' என்ற இடத்தில் எதையும் எழுதாமல் வட்டம், கோடு, அடியில் வளைகோடு என்று நிதானமாக வரைந்தாள். கீழே முழுப்பெயரையும் எழுதினாள். பிறகு ஒச்சம்மாளோடு உள்ளே போனாள்.

மை இன்னும் ஈரமாக இருந்தது. அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட ராயப்பராஜ், பத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, அந்தப் படத்தின் மேல் பூப்போல ஊதினார். ஊதிவிட்டு, தலையைச் சற்றே சாய்த்து, தான் போட்ட படத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.